பலகையில போடுங்க

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பலகைக்காரர் என்றால்தான் தெரியும். மரக்கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், மனிதருக்கு ஒரு ஆணி அடிக்க வராது. ‘பலகை’ என்பது அவர் எழுதிய மென்பொருள். நாலு பேர் கூடிக் கேட்க, பேச, முக்கியமாகச் சண்டை போட, இணையத்தில் ஒரு மன்றம். வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் அதற்குத்தான் போனது. வேலை நேரத்திலும் கொஞ்சம் போனது, அதை அவர் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பலகையின் நிரல் முழுவதும் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், சும்மாவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஓடியதென்னவோ ஒரு பெரிய கம்பெனி வாடகைக்கு விடும் இணையத் தளத்தின் மேல். இடம், பூட்டு, காவல் எல்லாம் கம்பெனி பொறுப்பு.

“வாடகை வீட்டுல உக்காந்துக்கிட்டு ஊருக்கெல்லாம் சாவி குடுக்கறீங்க” என்பாள் அவர் மனைவி. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

வீட்டில் பலகைக்காரருக்கு ஒரே ஒரு சட்டம். “வாயால சொன்னா மறந்துடுவேன். பலகையில போடு. பாத்துச் சொல்றேன்.” இதற்கென்றே பலகைக்குள் ‘வீடு’ என்று ஓர் அறை கட்டியிருந்தார். உறுப்பினர் இரண்டே பேர். குழாய் ஒழுகுவதும் மின்விசிறி கிறீச்சிடுவதும் அங்கேதான் எழுதப்பட்டன. அவர் படித்து, யோசித்து, ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் போடுவார். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்.

புதிய பதிப்பு வெளியாக இருந்த அன்று சாயங்காலம், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் அவள் வந்து நின்றாள்.

“வேற ஊர்ல இருக்கற கூடத்துக்கு என்னைத் தலைமையா வரச் சொல்றாங்க. மாசக் கடைசி வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

பலகைக்காரருக்குப் பகீரென்றது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆனால் திரையில் கம்பெனியின் அறிவிப்பு ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது.

“பலகையில போடு. பாத்துச் சொல்றேன்.”

“இதையுமா?”

“இதைத்தான் முக்கியமா போடணும். நிதானமா படிக்கணும்ல?”

பொய் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் அவர் முதுகைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் திரும்பி, அந்த அறிவிப்பைப் படிக்காமலேயே ‘சம்மதம்’ என்ற இடத்தை அழுத்தினார். அதை யார்தான் படிக்கிறார்கள்? தளத்தில் பாதுகாப்பைக் கூட்டியிருக்கிறோம், இனிமேல் பிறர் எழுதும் எதுவும் நிர்வாகி பார்த்து விடுவித்தால்தான் வெளியே வரும், வேண்டாம் என்றால் இந்தக் கட்டத்திலுள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள் என்று அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நிர்வாகி அவர்தான். டிக் குறியை எடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் மறுநாளே குட்டு உடைந்திருக்கும். ஆனால் பலகைக்காரருக்கு இளகிய மனசு. எழுதியது வெளியே வராமல் நின்றால் எழுதியவர் மனம் நோகுமே என்று, ஒருவர் எழுதியது அவருடைய சொந்தத் திரையில் மட்டும் எப்போதும் தெரியும்படி முன்பே செய்து வைத்திருந்தார். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து பலகைக்கு இலவசமாக உழைக்கும் ஒரு புண்ணியவான், ‘அப்படியானால் எழுதியவருக்குத் தன் பதிவு நிற்பதே தெரியாதே, ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள்’ என்று எழுதியிருந்தார். ‘நல்ல யோசனை, கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று இவர் பதில் போட்டு மூடிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து கட்டடத்தில் அமைதி வந்தது.

இந்த அமைதியின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். முதல் மாடி டிரைவிங் ஸ்கூல்காரருக்கும் இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மாவுக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் ஏழாம் பொருத்தம். படிக்கட்டில் கத்தக் கூடாது, எதுவானாலும் பலகையில்தான் பேச வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்ட பிறகு, சண்டை பலகைக்குக் குடிபெயர்ந்தது. இவர் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். ஏட்டிக்குப் போட்டியாக மற்ற மாடிகளும் இறங்கும்.

புதிய பதிப்பு வந்தபின் ஒரு பேச்சுமூச்சில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் டிரைவிங் ஸ்கூல்காரர் பல் டாக்டரம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவரும், “நீங்க போங்க சார்” என்று பல் தெரியச் சிரித்தார். ஜெயித்தவர்களுக்கு மட்டுமே வரும் பெருந்தன்மை அது. இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

சங்கச் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “என்ன சார் மந்திரம் போட்டீங்க?”

“வடிவமைப்பு” என்றார் பலகைக்காரர், அடக்கமாக.

‘வீடு’ அறையை அவர் தினமும் திறந்து பார்த்தார். அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்பாடா, மனசை மாற்றிக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது, நாமாக வாயைக் கொடுத்துக் கிளறுவானேன் என்று சும்மா இருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது அவளே கேட்டாள்.

“பாத்தீங்களா?”

செயலாளர் அன்று பலகையைப் பாராட்டி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, “பாத்தேன், பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவர் அன்று ராத்திரி பலகையில் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு போட்டார். ‘புதிய பதிப்பில் இதுவரை ஒரு புகாரும் இல்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.’ நிர்வாகி எழுதியது என்பதால் அது எங்கும் நிற்காமல் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அவளுடைய போனுக்கும்தான்.

மாசக் கடைசி வெள்ளி வந்தது, போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பலகைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே இறங்கினார். பக்கத்துக் கட்டடங்களின் செயலாளர்கள் பலகையைப் பார்க்க வந்திருந்தார்கள். வண்டிகளை ஒதுக்கி நாற்காலி போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் பலகையைப் பெரிதாகக் காட்ட ஏற்பாடு. டிரைவிங் ஸ்கூல்காரரும் பல் டாக்டரம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க, நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்” என்றார் வந்தவர்களில் ஒருவர். தன் போனில் ‘வணக்கம்’ என்று அடித்தார். “வந்துடுச்சே!” என்று போனைத் தூக்கிக் காட்டினார்.

சுவரில் வரவில்லை.

“நெட் மெதுவா இருக்கும்” என்றார் செயலாளர். இன்னொருவர் போட்டார். அவர் போனில் வந்தது, சுவரில் வரவில்லை. பலகைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மேஜைக்குக் குனிந்து நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தார். மூலையில் ‘விடுவிக்கக் காத்திருப்பவை’ என்று ஓர் இடம் இருந்தது. அவர் அதை இதுவரை தொட்டதே இல்லை. அழுத்தினார்.

ஒரு மாதத்துச் சண்டையும் சுவரில் கொட்டியது.

‘வண்டியை நகர்த்தாவிட்டால் நானே நகர்த்துவேன்.’ அதற்கு மேல் டாக்டரம்மா: ‘ஓட்டக் கற்றுத் தருகிறவருக்கு நிறுத்தத் தெரியாதா?’ அதற்கு மேல் மறுபடி முதல் மாடி: ‘பதில் பேச முடியவில்லை பார்த்தீர்களா? இதோடு விஷயம் முடிந்தது.’ டாக்டரம்மாவும் அதே நாளில் எழுதியிருந்தார்: ‘வாயடைத்துப் போய்விட்டார். முடிந்தது.’

பக்கத்து நாற்காலிகளில் இரண்டு தலைகள் மெதுவாகத் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன.

பலகைக்காரருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. நடுநடுவே ‘வீடு’ என்று தலைப்பிட்ட மூன்று பதிவுகள் இருந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில், ஆள் உயரத்துக்கு.

‘எனக்குப் போக ஆசை. தனியாப் போக ஆசை இல்லை. நீங்களும் வர்றீங்களா? உங்க வேலை எந்த ஊர்ல உக்காந்தாலும் செய்யற வேலைதானே.’

‘பாத்தீங்களான்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குன்னீங்க. எது நல்லா இருக்கு?’

‘இன்னைக்குச் சொல்லியாகணும். நீங்க கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கீங்க. சரி.’

போகவா வேண்டாமா என்று கேட்பாள் என்றுதான் அவர் நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். வர்றீங்களா என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் அவருக்கு யோசிக்காமலே தெரியும். ‘அனைத்தையும் விடுவி’ என்பதை அழுத்திவிட்டு எழுந்து மாடிக்கு ஓடினார். பின்னால் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கியது.

அவள் சன்னல் பக்கம் நின்று தன் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான் பாத்தேன்” என்றார், மூச்சு வாங்க.

“மூணு தடவ போட்டேன்.”

“வராம நின்னுபோச்சு. எல்லாரோடதும் நின்னுபோச்சு. நான்தான் பாக்காம ஒண்ண அழுத்தி—”

“ஒரே வீட்டுல இருக்கோம்” என்றாள் அவள். “ஒரே மேஜையில சாப்பிடறோம்.”

அவள் கோட்டைப் புரட்டிப் போட்டாள்.

“நேத்து சொல்லிட்டேன், வர்றேன்னு. தங்க எடமும் கேட்டாச்சு. ஒத்த ஆளுக்கு.”

கீழே டிரைவிங் ஸ்கூல்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவருக்கு ஒரு படி மேலே. செயலாளர் “தீர்மானம்! தீர்மானம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“நானும் வர்றேன்” என்றார் பலகைக்காரர்.

“என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல.”

“நானும் உன்கூட வர்றேன்!”

சன்னல் திறந்திருந்தது. கீழே சட்டென்று எல்லாம் அடங்கியது. “எங்க சார்?” என்று யாரோ அண்ணாந்து கேட்டார்கள்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அவருக்குத் தெரியவில்லை.

“பலகையில போடுங்க” என்றாள். “பாத்துச் சொல்றேன்.”

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக அந்தக் கட்டத்தின் டிக் குறியை எடுத்துவிட்டார். பிறகு ‘வீடு’ அறையைத் திறந்து, ‘நானும் வருகிறேன். இரண்டு பேருக்கு வீடு கேள்’ என்று எழுதி அனுப்பினார். அடுத்த அறையில் அவள் போன் ஒரு முறை ஒலித்தது. காத்திருப்பவை பக்கத்தைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது. வழியில் நின்றுபோனது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அங்கே அவள் அடுத்த கோட்டை எடுத்து விரித்து, கையால் தண்ணீர் தெளித்து, நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.