திருப்பிப் போட்ட கை

நான் லக்ஷன். பிரான்சில், லா கூர்நேவில் இருந்து அனுப்புகிறேன். அவசரத்தில் போனில் பேசித்தான் இதை எழுதுகிறேன். அம்மா, நடுவில் நிறுத்தாமல் முழுவதையும் வாசியுங்கள்.

வல்வெட்டித்துறைக் கரையில் அப்பாவை அடித்துக் கொன்றவன் முகத்தைத் துணியால் மூடியிருந்தான். நிவேதனா அக்கா கண்டது இரும்புக் கம்பியைப் பிடித்த கையை மட்டும்தான். சுண்டுவிரல் பாதி இல்லாத கை. நாலு வருடமாக அக்கா அதையே வரைந்தார். யாழ்ப்பாணத்தில் தன்னுடைய ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பிதழ், பதாகை, நூலட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம் செய்து தரும்படி என்னிடம் கேட்டார். நான் அந்தக் கையை எடுத்தேன். கறுப்பில் கை, கீழே சிவப்பில் அக்காவின் பெயர்.

கை நின்ற பக்கத்தில் எழுத்துக்கு இடம் வரவில்லை. படத்தை இடம்வலமாகத் திருப்பினேன். அக்காவிடம் காட்டாமலே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

பதாகை கட்டிய பிறகுதான் அக்கா கண்டு, எனக்குப் போன் எடுத்தார்.

"அது இடக்கையடா. ஏன் வலக்கையாக்கினனீ?"

"வடிவுக்குத்தான் அக்கா. ஆர் உதைப் பாக்கப் போயினம்?"

உடனே திருத்தச் சொன்னார். ஓம் என்றுவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

அதற்குள் அழைப்பிதழ், அப்பாவைக் கொன்றவனைத் தேடித் திரிந்த உங்கள் மூத்த மகன் தேனுஜன் அண்ணையின் கைக்குப் போய்விட்டது. மூலப்படத்தைத் திறப்பு நாள்வரை அக்கா என்னைத் தவிர யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்ததால், அது எந்தக் கை என்று அண்ணைக்குத் தெரியாது. ஊரில் வலக்கைச் சுண்டுவிரல் பாதி போனவர் அருட்செல்வன் அண்ணை ஒருவர்தான். படகுக் கயிறு அறுத்த விரல். அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவரைத் தேனுஜன் அண்ணை கொட்டன் தடியால் பின்மண்டையில் அடித்தார். விழுந்தவரின் வலக்கையைக் கல்லில் இழுத்து வைத்து, எலும்பு நொறுங்கும்வரை குத்தினார். "நான் என்னடா செய்தனான்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு வாயில் அடி விழுந்தது. மணலில் பல் கிடந்ததாம். இப்போது ஆசுபத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார்.

தேனுஜன் அண்ணை எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். "கை முடிஞ்சுது தம்பி. உன்ரை படத்தாலைதான் ஆளைப் பிடிச்சனான். நாளைக்கு ஆசுபத்திரியிலை மிச்சத்தையும் முடிக்கிறன்."

அதோடு போனை நிறுத்திவிட்டார்.

அம்மா, அவர் கோப்பாயில் சித்தி வீட்டில்தான் ஒளித்திருப்பார். இப்போதே அக்காவையும் மூலப்படத்தையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். அந்த இடக்கையை அவருக்குக் காட்டி, திருப்பியது நான் என்று சொல்லுங்கள். அருட்செல்வன் அண்ணையின் கட்டிலடியில் யாரையாவது காவலுக்கு இருத்துங்கள்.