பெண் வீட்டுக்காரர் கழுத்தில் இருந்த டை

மகள் பியூலாவின் கல்யாணப் பத்திரிகை வேதமாணிக்கத்துக்குத் தபாலில் வந்தது. முறைக்காக அவர் பெயரையும் அச்சடித்திருந்தார்கள். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது மனைவி பாக்கியவதி அவளைத் தூக்கிக்கொண்டு விருதுநகரில் அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. திருத்தங்கலில் அச்சகம் ஒன்றில் அச்சில் கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்கும் வேலையோடு அவர் தனியாகவே இருந்துவிட்டார்.

போகலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தவர், கடைசியில் சிவகாசிக்கு ஒரு டை வாங்கப் போனார்.

"எல்லாம் அசல் பட்டு அண்ணாச்சி" என்று கடைக்காரர் காசிராஜன் மேஜைமேல் பரப்பினார்.

வேதமாணிக்கம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோடு அச்சடிச்சது. பின்பக்கம் வெளுத்துக் கெடக்கு. நெய்த கோடு இருந்தாக் காட்டுங்க."

காசிராஜன் சிரித்தபடி வேறு பெட்டியைத் திறந்தார். "அப்ப இதைப் பாருங்க. மெலிஞ்ச நுனியப் பிடிச்சுத் தொங்க விடுங்க. துணிய ஒழுங்கா சாய்ச்சு வெட்டலைன்னா முறுக்கிக்கிரும். இது நேரா நிக்குதா? கையில கசக்கி விடுங்க, சுருக்கம் தன்னால போயிரும். பின்னால தையல் நூல் கொஞ்சம் தளர்வா ஓடும். அப்பத்தான் முடிச்சுப் போடுறப்ப இழுபட்டுக் கொடுக்கும். விறைப்பாத் தச்சதுன்னா அறுந்துரும்."

அடர்ந்த மெரூன் நிறம். உள்ளே கம்பளித் துணி வைத்திருந்ததால் கைக்குக் கனமாக இருந்தது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான். மக கல்யாணம்."

அதுவரை அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

கல்யாணத்தன்று வெள்ளனவே விருதுநகர் சர்ச்சுக்குப் போய்விட்டார். பெண் வீட்டார் இன்னும் வரவில்லை; அங்கிருந்த யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. பக்கத்து அறையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை ஜெயசுந்தர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். நண்பன் முடிச்சை இறுக்கியதில் டையின் பின்தையல் பிரிந்து, உள்துணி வெளியே பிதுங்கிக் கிடந்தது. பாதிரியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாராம்.

வேதமாணிக்கம் தன் டையை அவிழ்த்தார். "தலையத் தூக்குங்க தம்பி." மாப்பிள்ளையின் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போட்டு, காலரைச் சரி செய்தார்.

"ஐயா, நீங்க யாரு வீட்டு ஆளு?"

"பொண்ணு வீடு."

"உங்களுக்கு டை?"

"நான் பின்னால உக்காரப் போறவன். எனக்கெதுக்கு?"

தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு பியூலா வந்தாள். முக்காட்டுத் துணிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. 'இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?' என்று பாதிரியார் கேட்டபோது வேதமாணிக்கத்தின் உதடு அசைந்தது. "நான்" என்றது தாய்மாமனின் குரல்.

மண்டபத்தில் வாழ்த்துச் சொல்ல அவரும் வரிசையில் நின்று மேடையேறினார். பழைய போட்டோவில் பார்த்திருந்த பியூலாவுக்கு அவரைத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது.

"வாங்க" என்றாள்.

"இவருதான் டை கொடுத்தது. உங்க சொந்தம்னு சொன்னாரு" என்று ஜெயசுந்தர் டையைக் கழற்றக் கைவைத்தான்.

"இருக்கட்டும் தம்பி. நல்ல துணி, ரொம்ப நாளைக்கு வரும்."

பியூலா டையைப் பார்த்தாள். பிறகு பொத்தான் திறந்திருந்த அவர் கழுத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பின்னால் வரிசை நெருக்கவும், "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றார்.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. போட்டோக்காரர் அவரை ஓரமாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். மறுபக்கப் படியில் இறங்கி நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திருத்தங்கல் பஸ்ஸில் கூட்டமே இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பசி தெரிந்தது. ஒரு டம்ளர் அரிசி கழுவி அடுப்பில் வைத்துவிட்டு, கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.