களைப்பில்லாத ஷைனி

ஆறு நாள் அவசரப் பிரிவில் நின்ற நர்ஸ் ஷைனி, ஏழாம் நாளான ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்றிருந்தாள். கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை விடவில்லை. ஊழியர்களின் மனச்சோர்வைப் போக்க வகுப்பாம், வராவிட்டால் மெமோவாம்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார். ஷைனிக்கு முந்தின நாள் உருக்காலையிலிருந்து வந்த வெந்த கைதான் தெரிந்தது.

கடைசியில் ஒரு படிவம். ‘களைப்பாக உணர்கிறீர்களா?’

“ஆமான்னு போட்டுடாதடி,” என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ் ஆரோக்கியமேரி. “போட்டவங்களுக்கு வர்ற ஞாயித்துக்கிழமையும் கிளாஸாம்.”

“இன்னாக்கா இது, பேஜாரா கீது.”

அடுத்த ஞாயிறாவது தூங்க வேண்டுமே. ஷைனி ‘இல்லை’ என்று எழுதினாள்.

மாலையில் மேட்ரன் படிவத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“உனக்குக் களைப்பே இல்லியாமே. வர்ற ஞாயிறு டூட்டில இருக்கறவங்க பாதிப் பேரு கிளாஸுக்குப் போறாங்க. அவங்க வார்டை நீ பாத்துக்கோ.”

“மேடம், அதை ஆமான்னு மாத்திக்கட்டுமா?”

“மாத்தக் கூடாதும்மா. இப்ப நீ கோவத்துல பேசுற. அது தியானம் பண்ணி மனசு தெளிஞ்சி எழுதுனது.”