குச்சியின் சுற்றளவு

ஐம்பது தாண்டியும் அவளுக்குக் குச்சி என்றுதான் பெயர். வைத்தவள் அக்கா. பதிலுக்கு இவள் வைத்தது பூசணி. யார் முன்னால் சொல்வது என்ற விவஸ்தையே கிடையாது, அக்காவின் மாமியார் முன்னாலேயே சொல்லித் தொலைத்தவள்.

சின்ன வயதில், அம்மாவின் கரண்டி எப்போதும் அக்கா தட்டைத் தாண்டிப்போய் இவள் தட்டில்தான் கவிழும். "அவளுக்குப் போதும். நீ சாப்பிடுடி, காத்தடிச்சா பறந்துடுவே." அக்கா உம்மென்றிருப்பாள். குச்சியோ இரண்டாவது முட்டையைக் காட்டிக் காட்டித் தின்பாள். என்ன நாட்கள் அவை! அம்மாவின் அதட்டலும் மேசைக்கடியில் அக்கா விடும் உதையும் திரும்பக் கிடைக்குமென்றால், குச்சி ஒரு மாதம் பட்டினி கிடக்கவும் தயார்.

இப்போது அக்காவின் மகன் பிடிவாதம் பிடித்து அவளுக்கு உடல் பரிசோதனை ஏற்பாடு செய்திருந்தான். குச்சி துணைக்கு வந்தாள். அக்கா எடை பார்க்கும் காட்சியை விட முடியுமா?

"வந்தது வந்தீங்க, நீங்களும் பாத்துட்டுப் போங்களேன்" என்றாள் நர்ஸ்.

எடையில் குச்சிதான் ஜெயித்தாள். பிறகு நர்ஸ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றினாள். பழக்கதோஷத்தில் குச்சி வயிற்றை எக்கிக்கொண்டாள். பெயரைக் காப்பாற்ற வருஷக்கணக்காக அவள் செய்துவரும் வேலை அது. தொளதொள சட்டைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

அக்காவுக்குத் தெரிந்தது. "மூச்சைப் பிடிச்சிருக்கா சிஸ்டர். போட்டோவுக்கும் இப்படித்தான் நிப்பா."

"மூச்சை விடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

விட்டாள். டேப் நகர்ந்துகொண்டே போயிற்று.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "உங்க அக்காவும் குறைக்கணும்தான். ஆனா அவங்களுக்குச் சதை தொடையிலயும் பின்பக்கமும். உங்களுக்கு எல்லாம் வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி, குடலைச் சுத்தி. இதயத்துக்கு அதுதான் வம்பு. வயித்துச் சுற்றளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். நீங்க நல்லாவே தாண்டிட்டீங்க. வீட்ல யாருக்காவது இதய நோய் உண்டா?"

அப்பாவுக்கு இருந்தது. குச்சியைப் போலவே மெலிந்த கைகால், முன்னால் மட்டும் தொப்பை. ஒருநாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஒல்லியான மனுஷனுக்கா மாரடைப்பு என்று வந்தவர்களெல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள்.

"ரத்தமும் ஈசிஜியும் இன்னிக்கே பாத்துடலாம்."

"அடுத்த வாரம் வரேன்" என்று குச்சி கைப்பையை எடுத்தாள். சிரித்துச் சமாளித்தாள். "என்னக்கா, நீதான் ஜெயிச்சே. சிரியேன்!"

அக்கா வாழ்நாளெல்லாம் காத்திருந்த சந்தர்ப்பம். ஆனால் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மறிக்கத் தோதான உடம்புதான்.

"அம்மா இல்ல, அப்பா இல்ல. என்னைச் சின்னப் பொண்ணா பாத்த ஆளு நீ ஒருத்திதான் மிச்சம். நீயும் போயிட்டா, நான் பொறந்ததுலேருந்தே கிழவிதான்டி."

குச்சி கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, ரத்தம் எடுக்கும் அறை எந்தப் பக்கம் என்று நர்ஸைக் கேட்டாள்.