சொல்லு என்று தட்டினால்

வந்த மனிதர் என் அண்ணனை "சார்" என்று கூப்பிட்டது அடுக்களை வரை கேட்டது. காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பிச்சுமணியை அதற்கு முன் யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வந்தவர் பேர் லக்ஷ்மிநாராயணன், பாலக்காட்டுத் தமிழர். களமசேரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப் போகிறாராம். அதற்கு ஒரு வாத்தியார் தேடி, எறணாகுளத்திலிருந்து படகு பிடித்து மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தார். 'பாண்டிகசாலை' என்ற விளையாட்டை எழுதியவர்தான் வேண்டும் என்றார். அதை எழுதியவள் நான். கேஸட் அட்டையில் இருந்தது அண்ணா பேர்.

எண்பத்தாறில் அண்ணா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். ரப்பர் பொத்தான் வைத்த சின்னப் பலகை, அவ்வளவுதான். அதை டீவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேஸட்டைப் போட்டால், கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்த பிறகு விளையாட்டு வரும். படம் ஒன்றும் கிடையாது. நீ ஓர் இருட்டுக் குகையில் நிற்கிறாய் என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும். என்ன செய்யப் போகிறோம் என்று நாம் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால் செத்தோம். அண்ணா நாலைந்து தரம் செத்துப் பார்த்துவிட்டு, அதற்குத் துணி போட்டு மூடிவிட்டுத் திரும்பப் போனான். யாராவது வந்தால் மட்டும் துணி விலகும், பெருமைக்கு.

நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, வரன் வரும் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். அண்ணா விட்டுப்போன விளையாட்டுகளையும் ஆடினேன். ஆட ஆட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவை உள்ளே வருகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தருவதில்லை, கால் தப்பியதும் தலையை எடுப்பது. இதை விளையாட்டு என்று எவன் சொன்னான்? கல்யாணமாகிப் போன என் சிநேகிதிகள் இதற்கு வேறு பேர் சொல்வார்கள்.

அந்தக் கோபத்தில்தான் என்னுடையதை எழுதத் தொடங்கினேன். பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பாண்டிகசாலை, அப்பா கணக்கெழுதிய கிடங்கு போல ஒன்று. அதற்கு அடியில் நிலவறை. மிளகு அறை, சுக்கு அறை, எலி அறை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனால் கடைசிக் கதவில் ஒரு பூதம் நிற்கும். போ, வா, எடு, கொடு. தமிழனுக்கும் மலையாளிக்கும் பொதுவான வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து இங்கிலீஷ் எழுத்தில் வைத்தேன். திற என்றாலும் திறக்கும், மலையாளத்தில் துற என்றாலும் திறக்கும். யாரும் சாக மாட்டார்கள். வழி தெரியாவிட்டால் சொல்லு என்று தட்டினால் போதும், என்ன செய்யலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு வரும். மறுபடி தட்டினால் கொஞ்சம் கூட வரும். மூன்றாவது தரம் கதவே திறந்துவிடும். இதுவரை எனக்கு யாரும் செய்யாததை எல்லாம் அந்த விளையாட்டில் செய்து வைத்தேன்.

கேஸட் பதிந்து விற்கும் ஷௌகத் அலி பாய், சினிமா பார்க்கிற காசுக்கு அதைக் கொடுக்கச் சம்மதித்தார். பெரிய கடைகளில் வரும் சீமைக் கேஸட்டின் விலையில் கால்வாசி கூட இல்லை. கல்ஃப்காரர் வீடுகளில் என் அண்ணனுடையதைப் போலவே துணி போட்டு மூடிக் கிடந்த பெட்டிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. கும்பளங்கியில் ஓர் அம்மாள் பூதத்தைத் தாண்டிவிட்டாள் என்று பாய் சொன்னபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதலில் கையெழுத்து அட்டையோடுதான் விற்றது. அச்சடித்த அட்டை வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆக்கம்: பிச்சுமணி, மஸ்கட்.

"உங்கண்ணன்தாம்மா வந்து பேர் எழுதிக் குடுத்தாரு. கல்ஃப்காரர் பேர் போட்டா நாலு பேரு கூட வாங்குவான்னு நானும் விட்டுட்டேன்" என்றார் பாய். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் உடன்பிறந்தவளுடையது.

அண்ணா அப்போது மஸ்கட்டில் இல்லை. வேலை போய் நாளாயிற்று. வீட்டில்தான் இருந்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக. நான் கத்தினேன். நான் வாங்கிண்டு வந்த மிஷின், நான் வாங்கிண்டு வந்த டீவி, அதில் நீ பண்ணினால் யாருடையது என்று அவன் திருப்பிக் கேட்டான். அம்மா பாட்டுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாதான் தீர்ப்புச் சொன்னார்.

"பேர் யாரோடதா இருந்தா எந்தா? அவனுக்கு ஒரு வழி வேண்டாமா? நீ இன்னொருத்தாத்துக்குப் போறவளாக்கும்."

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் லக்ஷ்மிநாராயணன் வந்து சார் போட்டார். சார் சொல்லித் தருவதைப் பார்க்க ஆசை, கொஞ்சம் ஆடிக் காட்டுங்கள் என்று கேட்டார். நான் காப்பியை எடுத்துக்கொண்டு நடைவாசலுக்கு வந்து நின்றேன். இதோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமில்லை, சந்தோஷம்தான்.

அண்ணா ஒற்றை விரலால் தட்டினான். இங்கிலீஷில் ஏதோ தட்டியிருக்க வேண்டும். மனசிலாகலை என்றது திரை; புரியாத வார்த்தைக்கு நான் வைத்த பதில் அது. இன்னொன்று தட்டினான். மறுபடியும் மனசிலாகலை. அவன் கழுத்து வியர்த்தது. மேஜைமேல் கிடந்த கேஸட் அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தான். வழி தெரியாதவர்கள் சொல்லு என்று தட்டவும் என்று நான்தான் அதில் அச்சடிக்க எழுதிக் கொடுத்திருந்தேன். எஸ், ஓ என்று தேடித் தேடித் தட்டினான். குறிப்பு வந்தது. மறுபடி தட்டினான். மூன்றாவது தரம் கதவே திறந்தது. அடுத்த அறையிலும் அதுவே. நான் ஒவ்வொரு அறையிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதி வைத்த அன்பெல்லாம் அவனைக் கைபிடித்து அழைத்துப் போயிற்று. திருடனுக்கும் சேர்த்தா நான் கதவு வைத்தேன்?

லக்ஷ்மிநாராயணன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒண்ணும் அறியாதவன் மாதிரியே ஆடிக் காட்டறேளே, சார். படிக்க வரவாளோட பயம் தெரிஞ்சவாளுக்குத்தான் இது வரும். இப்படி ஒரு வாத்தியாரைத்தான் நான் தேடிண்டு நடந்தேன்."

அண்ணா புன்னகை செய்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு வேலை இல்லை, வீட்டில் வேறு சம்பளம் இல்லை, எல்லாம் எனக்கும் தெரியும். புன்னகைக்காமல் தலையைக் குனிந்திருந்தால் ஒருவேளை நான் திரும்பி அடுக்களைக்கே போயிருப்பேன்.

திரையில் பூதம் வந்திருந்தது. தம்ளர்களை மேஜைமேல் வைத்தேன். தள்ளு அண்ணா என்றேன். அவன் என்ன ஏதென்று தெரியாமல் தள்ளினான். விளையாட்டை நிறுத்தினேன். நான் எழுதி வைத்த வரிகள் மளமளவென்று திரையில் இறங்கின. சொல்லு என்பதற்குப் பதில் தரும் வரியின் எண்ணை மட்டும் தட்டி எண்டர் அடித்தேன். வெறும் எண்ணைத் தட்டினால் அந்த வரி அழிந்துபோகும். பிறகு விட்ட இடத்திலிருந்தே ஓட விட்டேன். பூதம் அதே கதவில் வந்து நின்றது.

"நீ எழுதினதுதானே" என்றேன். "போ."

"சுந்தரி, உள்ளே போ" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா.

நான் போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லக்ஷ்மிநாராயணன் என் விரல்களைப் பார்த்தார், பிறகு அண்ணாவைப் பார்த்தார். காப்பியில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அண்ணா சொல்லு என்று தட்டினான். மனசிலாகலை என்றது. மறுபடியும் அதையே தட்டக் கையைத் தூக்கினான். விரல் பலகையின் மேலேயே அங்கும் இங்கும் எஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது.