வெறுந்தண்ணீர்

நாற்காலியோடு சேர்த்துத் தூக்கியபோது ஏசுராஜுக்கு எடையே இல்லை. ஒரு பக்கம் மகன் மெல்வின், மறுபக்கம் மனைவி மரியபுஷ்பம். பசுமைக்குடிலை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் முடியவில்லை.

ஆந்தூரியப் பூந்தொட்டிகளுக்கு வாரம் தவறாமல் டிஏபி உரம் கரைத்து ஊற்றுவது அவர் வழக்கம். பூவுக்கு அதிலுள்ள மணிச்சத்துதான் உயிர் என்பார். கோடையில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று வெளுத்தன. இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஏற்காட்டுத் தோட்டக்கலை நிலையத்தில் தொட்டிக் கலவையைச் சோதித்தவர்கள், மணிச்சத்து தேங்கிவிட்டது, அதனால்தான் வேர் இரும்புச்சத்தை எடுக்கவில்லை, நிறுத்துங்கள் என்றார்கள்.

"இத்தனை வருசமா வளக்கறது நானா, அவங்களா?" என்று கேட்டுவிட்டு ஊருக்கு, வெள்ளக்கடைக்குத் திரும்பியவர் உரத்தை நிறுத்தவில்லை.

பிறகு ஈரலில் புற்று. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மரியபுஷ்பம் டிஏபி மூட்டையைத் தொடவில்லை. தேங்கிய உரம் கரைந்து போகட்டும் என்று, அடியில் வடியும்வரை வெறுந்தண்ணீர் ஊற்றினாள். இரும்புச்சத்தை மட்டும் கரைத்து இலையில் தெளித்தாள்.

மாலையானால் கேட்பார்.

"உரம் வெச்சியா புஷ்பம்?"

"வெச்சனுங்க."

வலியில் முனகும் மனிதரிடம் தினமும் பொய். கஞ்சி ஊட்டும்போது அவள் அவர் கண்ணைப் பார்ப்பதில்லை; தனக்குப் போட்ட சோற்றையும் பாதியில் வைத்துவிடுவாள்.

குடிலுக்குள் நாற்காலியை இறக்கினார்கள். முதல் தொட்டியின் இலையை ஏசுராஜ் விரலால் தடவினார். கரும்பச்சை. அடுத்ததையும் தடவினார்.

"நீ உரம் வெக்கலை."

மெல்வின் அம்மாவைப் பார்த்தான்.

"இல்லீங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க படுத்ததுல இருந்துங்க."

அவர் கலவைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லவேளை," என்றார். "நான் எந்திரிச்சிருந்தா அத்தனையும் கொன்னுருப்பேன்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நொம்ப நல்லா வந்திருக்குது. இனி நீயே பாத்துக்க."

அன்று மதியம் தூக்கத்திலேயே அவர் மூச்சு நின்றது. சுருங்கியே கிடந்த நெற்றி விரிந்திருந்தது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் நாத்தனார் ஞானசுந்தரி இட்லித் தட்டை நீட்டினாள்.

"ஒரு வாயாச்சும் சாப்புடுங்க அண்ணி."

மரியபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த இரண்டையும் தின்று முடித்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பார்ப்பது தெரிந்தது.

"இன்னொன்னு வெய்யி கண்ணு," என்றாள். "சாம்பாரு நெறைய ஊத்து."