பயம்னுதான் சொன்னேன்

சுதா எடுத்த ஆவணப்படத்தை முதலில் பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். வெளியே எங்கும் போடுவதற்கு முன் உங்களுக்குக் காட்டுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்து ஏரியோரக் குடியிருப்பு அது. ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த கோடை முடியும்வரை சென்னையிலிருந்து கேமராவோடு வந்து போய்க்கொண்டிருந்தவள், ஒரு சாயங்காலம் புயல் பாதுகாப்புக் கூடத்தின் சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டிப் படத்தை ஓட்டினாள்.

ஏரியின் சரித்திரம் வந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் ஏன் மூடுகிறது என்று ஒரு விஞ்ஞானி படம் வரைந்து சொன்னார். ஜனங்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். அவர்கள் காத்திருந்தது தங்கள் முகங்களுக்காக. தெரிந்த முகம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கத்தினார்கள். சரோஜாவும் அவள் புருஷன் பெருமாளும் ஏரியில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் காட்சி வந்தபோது அவர்களுடைய மகள் அனிதா விசில் அடித்தாள்.

அடுத்த காட்சியில் சரோஜா கரையில் உட்கார்ந்து தலை துவட்டினாள். தண்ணீரில் இருக்கும்போது என்ன நினைத்துக்கொள்வீர்கள் என்று சுதாவின் குரல் கேட்டது.

"இன்னா நெனைக்கறது. பயம்தான். சின்ன வயசுல முகத்துவாரத்தாண்ட ஒரு தபா தண்ணி என்னிய இழுத்துனு போயிருச்சு. எங்க அத்ததான் முடியப் புடிச்சு தூக்குச்சு. அதுலேர்ந்து இடுப்புக்கு மேல தண்ணி வந்தா நெஞ்சு அடிச்சுக்கும். இன்னிக்கும்தான்."

அந்த இடத்தில் சுதா வயலின் சேர்த்திருந்தாள். அது அழுதது. பின்வரிசையிலிருந்து பெருமாளின் பங்காளி மணிகண்டன் சிரித்தான்.

"பயப்படுற பொம்பளையவா பெருமாளு இத்தினி வருசம் இழுத்துனு போன?"

சிலர் கூடச் சிரித்தார்கள். பெருமாள் எழுந்து வெளியே போனான்.

படம் முடிந்ததும் சுதாவிடம் வந்தான். "அத எடுத்துருங்க மேடம்."

"அது அக்கா சொன்னதுண்ணா. எடுக்கணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

இருவரும் சரோஜாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குத் தெர்ல. யோசிச்சு சொல்றேன்."

மறுநாள் விடியலில் சரோஜா ஓலைப் பறியை எடுத்தாள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் சின்னக் கூடை அது. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நகர்வார்கள். அதனால் ஏரிக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பெருமாள் அவள் கையிலிருந்து அதை வாங்கி மூலையில் மாட்டினான்.

"நீ வராத."

"ஏன்?"

"வராதன்னா வராத. ஊரு சிரிக்கிது."

அவன் தனியாகப் போனான். முதல் நாள் சரோஜாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள். காய்ந்த புடவையோடு பகல் முழுக்க இருந்தாள். அடுத்த நாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கரைக்குப் போனாள். தூரத்தில் கறுப்பாகத் தலைகள் தெரிந்தன. எது அவன் தலை என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். காலடியில் ஈரம்கூட இல்லை. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது, தண்ணீரில் அடித்ததைவிடப் பலமாக.

இப்படி நாலைந்து நாள் போனது. உடம்பு சரியில்லையா என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியானம் பெருமாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள்.

"பயம்னுதான்யா சொன்னேன். வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

பெருமாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"இத்தினி வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எங்கிருந்தோ வந்த பொண்ணாண்ட சொல்ற."

ஊர் சிரித்தது அவனுக்குப் பெரிதாக இல்லை என்பது அப்போதுதான் சரோஜாவுக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு கேட்டுது, சொன்னேன். உங்கிட்ட சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்ப? வூட்ல உக்காருன்னு சொல்லிருப்ப. இப்ப சொல்ற மாதிரியே. எனக்கு அதுல கோவம் வராதா? பயந்துனேதான் போனேன். பயந்துனேதான் பொண்ண படிக்க வெச்சேன். போனது நான்தான?"

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அனிதா அசையாமல் நின்றாள்.

"நான் முன்னாடியே போய்னு இருந்தேன். இறாலு ஆழத்துலதான் இருக்குதுன்னு. ஒரு தபாகூட திரும்பிப் பாக்கல" என்றான் பெருமாள்.

"ஆமா. பாக்கல" என்றாள் சரோஜா. அவனைத் தேற்றுவதற்காக அவள் பொய் சொல்லவில்லை. சாப்பாடு ஆறுது என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் இருவருமாகப் போனார்கள். பெருமாள் முழங்கால் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பினான். சரோஜாவுக்கு எரிச்சல் வந்தது. பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்து, "இங்க இன்னா கீது, தவளையா? அந்தாண்ட போ" என்றாள். அவன் போனான். ஆனால் கை நீட்டினால் தொடும் தூரத்தைத் தாண்டிப் போகவில்லை. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறியதும் அவளுக்கு வழக்கம்போல நெஞ்சு அடித்தது. பக்கத்தில் அவன் தோள் தெரிந்தது. இரண்டும் இருந்தன.

அன்றைக்கே அனிதாவின் போனிலிருந்து சுதாவைக் கூப்பிட்டாள். "அது இருக்கட்டும்மா, எடுக்காத. ஆனா பாதிதான் சொல்லிருக்கேன், மீதி பாதிய வந்து எடுத்துக்கோ. அந்த அழுவுற மியூசிக்க மட்டும் தூக்கிரு."

"அது நான் செஞ்ச தப்புக்கா" என்றாள் சுதா.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சரோஜா மீதிப் பாதியைச் சொன்னாள். வீட்டில் சொன்ன அளவுக்குக் கோபமாக வரவில்லை, பாதியில் சிரித்துவிட்டாள். சுதா அதை அப்படியே வைத்துக்கொண்டாள். பிறகு, கொஞ்சம் தள்ளி நின்ற பெருமாள் பக்கம் கேமராவைத் திருப்பி, உங்களுக்குப் பயம் உண்டா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இவ வராத நாள்ல இருந்துச்சு. கூட ஆளு இல்லன்னா தண்ணி வேற மாதிரி கீது மேடம்."

சரோஜா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை.

படத்தைச் சென்னையில் ஓர் அரங்கத்தில் போட்டபோது ஏரியில் இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. அதனால் அனிதா மட்டும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள் என்றாள். ஓர் அம்மா எழுந்து, அவங்க இன்னும் தண்ணிக்குள்ள போறாங்களா என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்றாள் சரோஜா.

"காலைலகூட போனாங்கன்னு சொன்னேன்."

பறியைக் கழுவிக்கொண்டிருந்த பெருமாள் தலையைத் தூக்கினான். "நான் எப்டி இருந்தேன்?"

"சொக்கா மாத்தினு நின்னிருக்கலாம் நைனா" என்றாள் அனிதா.